கூழைக்கடாவின் வயிறு

சித்திரையில் குளம் வற்றும்போது அந்த ஊர்ப் பிள்ளைகள் அதன் நடுவில் இறங்கி மண் எடுத்து வைப்பார்கள். மழை பெய்து குளம் நிறைந்து, பறவைகள் வந்து சேர்ந்ததும், அந்த மண்ணில் பறவை செய்ய உட்காருவார்கள். சுட்டெடுத்த பறவைகளைக் காணும் பொங்கலன்று கரைச் சுவரில் வரிசையாக வைப்பார்கள். ஊரே வந்து பார்க்கும். தண்ணீரில் நிற்கும் நிஜப் பறவைகள் மட்டும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பிள்ளைகளுக்கு அதில் வருத்தமும் இல்லை.

சொல்லிக்கொடுப்பவள் அருளாயி. முப்பது வயதுதான், எல்லோருக்கும் அக்கா. அதிகம் பேசமாட்டாள். ஏதாவது கேட்டால் பதில் வரும். சில சமயம் மறுநாள் வரும்.

இந்த வேலையில் ஒரு பொல்லாத கட்டம் உண்டு. கண், அலகு, இறகு எல்லாம் முடிந்த பிறகு, பறவையை நூலால் இரண்டாக அறுக்க வேண்டும். உள்ளே இருக்கும் மண்ணைக் கரண்டியால் தோண்டி எடுத்துவிட்டு, குழைத்த சேற்றைப் பூசி மறுபடி ஒட்ட வேண்டும். சின்னப் பிள்ளைகள் கொய்யாப்பழத்தை அறுப்பதுபோல் அறுத்துவிடுவார்கள். பெரிய பிள்ளைகள்தான் தயங்குவார்கள்.

செண்பகவல்லிக்குப் பதினைந்து வயது. அவள் செய்தது கூழைக்கடா. தினமும் விடிந்ததும் கரையில் போய் நின்று பார்ப்பாள், ஓடி வந்து ஊசியால் ஒரு இறகு கீறுவாள். இருபத்திரண்டு நாள் இப்படியே போயிற்று. அலகுக்குக் கீழே தொங்கும் பையில், உள்ளே ஒரு மீன் கிடப்பதாகக் காட்ட, சின்னப் புடைப்பு வேறு வைத்திருந்தாள். சும்மா சொல்லக்கூடாது, நல்ல வேலை.

"அக்கா, இதையும் அறுக்கணுமா?"

"அறுக்கணும்."

"ஒட்டும்போது இறகெல்லாம் கோணிப் போயிருமேக்கா."

"போவும். திரும்பக் கீறு."

"இது ஒண்ண மட்டும் விட்டுரக் கூடாதா?"

"உள்ள மண்ணு கட்டியா இருந்தா ஈரம் காயாதுட்டி. சூளையில வெடிச்சிரும். பக்கத்துல இருக்கதையும் சேத்து உடைக்கும்."

செண்பகம் தலையாட்டினாள். நூலை எடுத்துக் கூழைக்கடாவின் வயிற்றில் வைத்தாள். இழுக்க மனசு வரவில்லை. பத்து நாள் வெயிலில் வைத்தால் ஈரம் தானாகப் போகாதா என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பிறகு ஒரு காரியம் செய்தாள். அறுத்து ஒட்டிய தடம் தெரிவதுபோல் வயிற்றைச் சுற்றி ஒரு கோடு கீறி, அதன் மேல் சேற்றைப் பூசினாள். பார்த்தால் யாருக்கும் தெரியாது. தூக்கினால் கனத்தில் தெரிந்துவிடும். சூளையில் அடுக்குவது பெரிய பிள்ளைகளின் வேலை என்பதால் அதையும் அவளே தூக்கி வைத்துவிட்டாள். ஒரு ஓரமாக, முத்துப்பேச்சியின் காக்காவுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது.

முத்துப்பேச்சிக்கு ஆறு வயது. அவளுடைய காக்காவுக்கு உடம்பைவிடத் தலை பெரிது. ஆனால் சோற்றைப் பார்த்துவிட்ட காக்கா எப்படித் தலையைச் சாய்க்குமோ, அப்படியே சாய்த்திருந்தது.

சூளை மூட்டிய அன்று மத்தியானம் உள்ளே டம் என்று ஒரு சத்தம் கேட்டது. செண்பகம் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துவிட்டாள்.

மறுநாள் திறந்தார்கள். மற்றப் பறவைகள் எல்லாம் சிவந்து முழுசாக இருந்தன. கூழைக்கடாவும் காக்காவும் மட்டும் சில்லுச் சில்லாகக் கிடந்தன. அருளாயி கூழைக்கடாவின் சில்லு ஒன்றை எடுத்துப் பார்த்தாள். மூன்று விரல் கனம் இருந்தது. திரும்பக் கீழே வைத்தாள்.

பேச்சி ஏங்கி ஏங்கி அழுதாள்.

"நாந்தான் சரியாத் தோண்டல. என் காக்கா வெடிச்சு இந்த அக்காவோட கூழைக்கடாவையும் உடைச்சிட்டு."

சொல்லிவிட்டு, அடி விழுமோ என்று செண்பகத்தைப் பார்த்தாள்.

வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். செண்பகத்துக்கு அது நன்றாகத் தெரிந்தது. ஆனால் அந்தப் பிள்ளையின் முகத்தை அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

"உன் காக்கா வெடிக்கல பேச்சி. என்னோடதுதான் வெடிச்சுது. நான் அறுக்கவே இல்ல. சும்மா கோடு போட்டு எல்லாரையும் ஏமாத்திட்டேன்."

பேச்சி அழுகையை நிறுத்தினாள்.

"அப்ப நான் நல்லாத்தான் தோண்டியிருக்கனா?"

"ரொம்ப நல்லாத் தோண்டியிருக்க."

பேச்சிக்கு அதில் பெரிய நிம்மதி. பிறகு காக்கா ஞாபகம் வந்து மறுபடி அழுதாள்.

வேறு செய்ய மண் இல்லை. மண் எடுக்கும் இடத்தில் இப்போது இரண்டு ஆள் ஆழத்துக்குத் தண்ணீர். மிச்சம் இருந்தது ஒரே ஒரு உருண்டை. எல்லோரும் முடித்த பிறகு அக்கா தனக்கென்று ஒரு பறவை செய்வாள், அதற்காக ஈரச் சாக்கில் சுற்றி வைத்தது. அருளாயி அதைக் கொண்டுவந்து செண்பகத்தின் முன்னால் வைத்தாள்.

"கூழைக்கடா செய்."

"எனக்கு வேண்டாம்க்கா. பேச்சிக்குக் குடுங்க."

"நீ செய்."

"அப்ப உங்க பறவ?"

"இந்த வருசம் நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

இது என்ன நியாயம் என்று செண்பகத்துக்குப் புரியவில்லை. தப்புச் செய்தவளுக்கு மண், பறிகொடுத்தவளுக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் அக்கா சொன்னதைத் தட்ட முடியாமல் உட்கார்ந்தாள்.

பேச்சி தினமும் வந்து எதிரே குத்தவைத்துப் பார்த்தாள். கோபம் எல்லாம் அவளுக்கு முதல் நாளோடு போய்விட்டது. "காலு குட்டையா இருக்குக்கா" என்றாள். "மீனு வைக்கலியா?" என்றாள். அவள் இப்படிக் கேட்கக் கேட்கச் செண்பகத்துக்கு வெட்கமாக இருந்தது. நாலைந்து நாளில் அந்தக் குரல் கேட்காவிட்டால் வேலை ஓடவில்லை.

ஒன்பதாம் நாள் கூழைக்கடா முடிந்தது. பழையதைவிட இறகு குறைவு. செண்பகம் நூலை எடுத்தாள். கூழைக்கடாவின் வயிற்றில் வைத்துவிட்டு இழுக்காமல் உட்கார்ந்திருந்தாள். பேச்சி எழுந்து வந்து நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்கக்கா. அதுக்கு வலிக்காது."

இருவரும் இழுத்தார்கள். கூழைக்கடா இரண்டானது.

செண்பகம் கரண்டியால் தோண்டினாள். பேச்சி உள்ளே விரலை விட்டுப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்" என்றாள். மறுபடி தோண்டினாள். "இன்னும் கொஞ்சம்." நாலாவது தடவைதான் போதும் என்று விட்டாள்.

சேற்றைப் பூசி ஒட்டினார்கள். இறகு கோணத்தான் செய்தது. செண்பகம் ஊசியால் அதைத் திரும்பக் கீறிச் சரிசெய்தாள். பிறகு இரண்டு கையாலும் தூக்கியவள், எதிர்பார்த்த கனம் இல்லாமல் ஒரு கணம் திகைத்துப் போனாள். சிரிப்பு வந்துவிட்டது. பேச்சியிடம் கொடுத்தாள். அவளாலும் தூக்க முடிந்தது.

பலகையைத் துடைக்கப் போன செண்பகம், அதில் குவிந்து கிடந்ததைப் பார்த்து நின்றாள்.

"அக்கா, தோண்டின மண்ணே இவ்வளவு கெடக்கு. இத என்ன செய்ய?"

அருளாயி அதை ஒன்றாக வழித்துச் சேர்த்தாள். கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசைந்து உருட்டி, பேச்சியின் கையில் வைத்தாள்.

"ஒரு காக்காவுக்குப் போதும்."