நரி இருந்த பத்தியம்

ஒரு காட்டில், மழைக்காலத்தில் மட்டும் ஓடுகிற ஓர் ஆற்றின் கரையில், பிடரியப்பன் என்றொரு சிங்கராஜா வாழ்ந்தார். பெரிய பிடரி, பெரிய குரல், அதைவிடப் பெரிய வயிறு. குறை ஒன்றே ஒன்றுதான். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது.

காலையில் எழுந்தால் கண்ணில் பீளை. மத்தியானம் எரிச்சல். சாயங்காலம் நீர் வடியும். எட்ட நிற்பது மானா மரமா என்று பக்கத்தில் போய் மோந்து பார்த்தால்தான் தெரியும். மானாக இருந்தால் அதற்குள் ஓடியிருக்கும். மரமாக இருந்தால் நின்றிருக்கும். ஆகவே ராஜாவின் வேட்டையில் மரங்களே அதிகம் அகப்பட்டன. ராணி வேட்டையாடிக் கொண்டுவந்து போட்டதால் வயிறு மட்டும் வாடவில்லை.

அவருக்கு ஆமாஞ்சாமி என்றொரு நரி மந்திரி. ராஜா எங்கே நடந்தாலும் அதுவும் ஒட்டிக்கொண்டே நடக்கும். "இடது பக்கம் பள்ளம், ராஜா", "வலது பக்கம் யானையார், ராஜா" என்று காதோடு காதாகச் சொல்லும். அது ஒன்றும் சொல்லாமல் வந்தால் நேரே போகலாம் என்று அர்த்தம். இப்படித்தான் ராஜாவின் கண் நோவு ஊருக்குத் தெரியாமல் இருந்தது.

ஒருநாள் நரி சற்றே பின்தங்கிவிட்டது. ராஜா ஒரு கறையான் புற்றைப் பார்த்து, "யானையாரே, நலமா? பிள்ளைகள் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டார்.

ஓடிவந்த நரி, "ஆகா! புற்றைக்கூட நலம் விசாரிக்கிற கருணை எந்த ராஜாவுக்கு உண்டு!" என்றது.

ராஜா கூச்சத்தோடு கண்ணைத் துடைத்துக்கொண்டார். உடனே நரியும் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டது. "உங்கள் கண் வேறு, என் கண் வேறா? இந்த நோவு உங்களுக்கு வந்ததற்குப் பதில் எனக்கு வந்திருக்கக் கூடாதா!" என்று விம்மியது.

இதை அது தினமும் சொல்லும். சொல்லிவிட்டு வயிறு நிறையச் சாப்பிடும்.

இப்படி இருக்கையில், மேற்கு மலைச் சிங்கமான உக்கிரனிடமிருந்து ஒரு பருந்து சேதி கொண்டுவந்தது. "அண்ணா, மழை நின்றதும் உங்களைப் பார்க்க வருகிறேன்."

ஒரு சிங்கம் இன்னொரு சிங்கத்தைப் பார்க்க வருவது பலகாரம் தின்ன அல்ல, குழந்தைகளே. பல் உறுதியா, நகம் உறுதியா, கண் தெளிவா என்று பார்க்கத்தான். எல்லாம் சரியாக இருந்தால் கட்டிப்பிடித்துவிட்டுப் போகும். ஏதாவது ஒன்று சரியில்லை என்றால் குகை அதற்கு, வெளி வாசல் இவருக்கு.

பிடரியப்பன் அவசர அவசரமாக நரியின் பக்கம் திரும்பினார். "கூப்பிடு வைத்தியரை!" என்றார்.

வைத்தியம் பார்ப்பது முள்ளாயி என்ற முள்ளம்பன்றி. அதன் முதுகில் எத்தனை முள் உண்டோ அத்தனை முள் நாக்கிலும் உண்டு. ராஜாவின் இமையைத் தூக்கிப் பார்த்து, "இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டு இருந்தீங்க? முத்த விட்டுட்டு வர்றதே உங்களுக்கெல்லாம் வழக்கமாப் போச்சு," என்று ஆரம்பித்தது.

கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றையும் இடித்துத் தண்ணீரில் ஊறப்போட்டது. அது கண் கழுவ. அஞ்சனக்கல் என்கிற கறுப்புக் கல்லைப் பொடித்து, நந்தியாவட்டைப் பூச்சாறு விட்டு நாள் முழுக்க அரைத்து, தேனில் குழைத்தது. அது கண்ணில் தீட்டுகிற மை. தீட்டக் கோல் வேண்டுமே? தன் முதுகிலிருந்து உதிர்ந்த முள் ஒன்றை எடுத்து, முனையைக் கல்லில் தேய்த்து மழுக்கிக்கொண்டது.

முள் கண்ணருகே வந்ததும், காட்டுக்கே ராஜாவானவர் நரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆடாதீங்க. ஆச்சு, முடிஞ்சுது," என்றது முள்ளாயி. "மருந்து பாதி, பத்தியம் பாதி. ஒரு மண்டலத்துக்குக் கறி கூடாது. வெயில்ல அலையக் கூடாது. பகல்ல தூங்கக் கூடாது. கர்ஜனை கூடவே கூடாது, கண் நரம்பு புடைச்சுக்கும்."

"கறி கூடாதா? பிறகு எதைத் தின்பது?"

"பொன்னாங்கண்ணிக் கீரை."

"காலையில் கீரை. சரி. மத்தியானம்?"

"கீரை."

"இரவு?"

"அதே கீரைதான். வேணும்னா கொஞ்சம் அதிகமா தின்னுக்குங்க."

ராஜா ஒரு வாய் கீரையை மென்றார். அது வாயின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனது, திரும்பி வந்தது, உள்ளே மட்டும் போகவில்லை. பாவம், உண்மையிலேயே அழுகை வந்துவிட்டது அவருக்கு. ஆற்றங்கரைக்குப் போய் யாரும் பார்க்காதபடி துப்பினார்.

அங்கே ஒரு மந்தி, மடியில் குட்டியை வைத்துக்கொண்டு, வெறும் கீரையைத் தின்றுகொண்டிருந்தது. பக்கத்திலேயே பலாப்பழம் பழுத்து வெடித்துக் கிடந்தது. மந்தி அதன் பக்கம் திரும்பவே இல்லை.

வாசனையை வைத்தே எல்லாம் தெரிந்துகொண்ட ராஜா, "பலாவை விட்டுவிட்டுக் கீரையா? உனக்கு என்ன நோய்?" என்று கேட்டார்.

"எனக்கு ஒண்ணுமில்ல ராஜா. குட்டிக்குத்தான் கண்ணுல பீளை. முள்ளாயியம்மா குட்டிக்கு மருந்து குடுத்துட்டு, என்னைப் பத்தியம் இருக்கச் சொன்னாங்க. நானும் இருக்கேன். இப்போ குட்டிக்கு எவ்வளவோ தேவலை."

பிடரியப்பன் அப்படியே நின்றுவிட்டார். நோய் ஒருவருக்கு, பத்தியம் இன்னொருவருக்கு! இப்படி ஒரு வழி இருப்பதை அந்த முள்ளாயி ஏன் சொல்லவில்லை? மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் குகைக்கு ஓடினார். வழியில் ஒரு மரத்தில் முட்டிக்கொண்டார். அதைப் பொருட்படுத்தவில்லை.

"ஆமாஞ்சாமி! உன் கண் வேறு, என் கண் வேறா?"

"ஒருநாளும் இல்லை, ராஜா!"

"என் நோவு உனக்கு வந்திருக்கக் கூடாதா என்றாயே, அது மெய்தானே?"

"சத்தியமாக, ராஜா! உயிரையே கொடுப்பேன்!"

"உயிரெல்லாம் வேண்டாமப்பா. நோவும் வேண்டாம், அது என்னிடமே இருக்கட்டும். பத்தியத்தை மட்டும் நீ எடுத்துக்கொள்," என்று கீரையை நரியின் பக்கம் தள்ளினார் ராஜா.

தவளைதான் தன் வாயால் கெடும் என்பார்கள். நரியும் கெடும் என்று அந்தக் காடு அன்றைக்குத் தெரிந்துகொண்டது.

அன்று முதல் ராஜாவின் பாடு கொண்டாட்டம். தன் பங்குக் கறியோடு நரியின் பங்கையும் சேர்த்துத் தின்றார். உச்சி வெயிலில் பாறைமேல் உலாவினார். பகலெல்லாம் தூங்கினார். எழுந்ததும் மலை அதிரக் கர்ஜித்தார். மையை மட்டும் வேளை தவறாமல் தீட்டிக்கொண்டார்.

நரியின் பாடுதான் திண்டாட்டம். திருட்டுத்தனமாக ஓர் எலியைக் கவ்வலாம் என்றால், ராஜா கூப்பிட்டு "வாயை ஊது!" என்பார். கண்தான் மங்கல், மூக்கு மங்கவில்லையே. நரி கீரை தின்றது, நிழலில் இருந்தது, பகலில் விழித்தது, ஊளையை விழுங்கியது. அரைத்த கல்லில் ஒட்டியிருந்த மையை, பத்தியம் இருக்கிறவன் மருந்தை விடுவானேன் என்று தன் கண்ணிலும் தடவிக்கொண்டது. ஏனென்றால் நரிக்கும் நெடுநாளாகக் கண்ணில் பீளைதான். அதை யார் விசாரித்தார்கள்?

மழை ஓய்கிற சமயத்தில் முள்ளாயி வந்து பார்த்தது. ராஜாவின் கண் பழுத்த மிளகாய் மாதிரி இருந்தது.

"பத்தியம் தப்பிட்டீங்களா?"

"இம்மியும் தப்பவில்லை. ஆமாஞ்சாமி கறியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை."

முள்ளாயிக்குப் புரியவில்லை. ராஜா மந்தியையும் குட்டியையும் பற்றிப் பெருமையாக விளக்கினார். கேட்கக் கேட்க முள்ளாயியின் முள்ளெல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன.

"ராஜா, அந்தக் குட்டி தாய்கிட்டப் பால் குடிக்குது. தாய் தின்கிறது பால்ல இறங்குது. அதனால தாய் பத்தியம் இருக்கா. நீங்க யார்கிட்டப் பால் குடிக்கிறீங்க?"

குகைக்குள் இருந்த அத்தனை பேரும் நரியைத் திரும்பிப் பார்த்தார்கள். நரி இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டது.

ராஜாவுக்கு வெட்கமாகிவிட்டது. வெட்கப்பட்டவர் தப்பை ஒத்துக்கொள்வார் என்று நினைக்காதீர்கள். "பால் இல்லாவிட்டால் என்ன? எங்களுக்குள் பாசம் இருக்கிறது!" என்று முழங்கினார். "பத்தியத்தில்தான் எங்கேயோ ஓட்டை. கர்ஜனை கூடாது என்றாய் அல்லவா? நேற்று இவன் சத்தமாகத் தும்மினான். இனிமேல் இவன் தும்மவும் கூடாது, பேசவும் கூடாது. நான் சொல்கிறவரை ஒரு வார்த்தை வாயிலிருந்து வரக் கூடாது!"

"பக்கத்து வீட்டுக்காரன் தலையில எண்ணெய் தேய்ச்சா என் சூடு தணியுமா?" என்று முணுமுணுத்துக்கொண்டே முள்ளாயி போய்விட்டது. போகிற போக்கில் நரியின் கண்ணைப் பார்த்து, "உனக்கு எப்படிடா இப்படித் தெளிஞ்சுது?" என்றது. நரி வாயைத் திறக்கவில்லை. பத்தியம்.

மழை நின்றது. உக்கிரன் வந்தான்.

உச்சி வெயில் நேரம். காட்டு எல்லையில் எல்லா மிருகங்களும் கூடியிருந்தன. பிடரியப்பன் பிடரியைச் சிலிர்த்துக்கொண்டு கம்பீரமாக நடந்து வந்தார். வெயில் பட்டதும், தெரிந்த கொஞ்சமும் கலங்கி, எல்லாம் ஒரே வெள்ளையாகத் தெரிந்தது. இத்தனை மிருகங்களின் வாசனையும் கலந்து வீசியதால் மூக்கும் உதவவில்லை. பக்கத்தில் நரி நடந்தது. இடது பக்கம் வேங்கை மரத்தடியில் உக்கிரன் நிற்பதை, அவன் மீசையில் ஒட்டியிருந்த புல்லோடு சேர்த்துத் துல்லியமாகப் பார்த்தது நரி.

"எந்தப் பக்கம்?" என்று ராஜா உதட்டை அசைக்காமல் கேட்டார்.

நரி பேசவில்லை.

நரி பேசாவிட்டால் நேரே போகலாம் என்பதுதானே வழக்கம்? ராஜா நேரே போனார். நேரே இருந்தது பழைய கறையான் புற்று. அதை இரண்டு கையாலும் ஆரத் தழுவிக்கொண்டார்.

"வா தம்பி, வா! ஏன் இப்படி இளைத்துவிட்டாய்? உடம்பெல்லாம் மண்ணாக இருக்கிறதே, ஆற்றில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வந்திருக்கலாமே!"

பிடரி முழுக்கக் கறையான் ஏறிக்கொண்டிருந்தது.

"அண்ணா, நான் இங்கே இருக்கிறேன்," என்றான் உக்கிரன்.

ராஜா சட்டென்று திரும்பி வேங்கை மரத்தை வணங்கினார். அப்போது ஒரு முயல் சிரித்துவிட்டது. பிறகு மான் சிரித்தது. பிறகு யானையார் சிரித்தார், அவர் சிரித்தால் அடக்குவது கஷ்டம்.

"பயணக் களைப்பாக இருக்கும். குகையைக் காட்டட்டுமா?" என்றார் பிடரியப்பன் ஈனக் குரலில்.

"வேண்டாம் அண்ணா. எனக்குக் கண் தெரியும், நானே போய்க்கொள்கிறேன்," என்று உக்கிரன் நடந்தான். போனவன் திரும்பி வரவில்லை. குகை அவனுடையதாகிவிட்டது.

பிடரியப்பன் நரியைப் பிடித்து உலுக்கினார். "அடப்பாவி! இடது பக்கம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

நரி அவரைக் கீழும் மேலும் பார்த்தது. அவர் இனி ராஜா இல்லை என்பது அதற்குத் தெளிவாகத் தெரிந்தது. அதன்பிறகுதான் வாயைத் திறந்தது.

"பத்தியம்."

அதன்பின் பிடரியப்பன் ஆற்றோரம், முள்ளாயியின் வளைக்குப் பக்கத்தில் குடியேறினார். மூன்று வேளையும் பொன்னாங்கண்ணியைத் தானே மென்று தானே விழுங்கினார். வெயில் ஏறினால் நிழலில் ஒதுங்கினார். முள்ளாயி திட்டிக்கொண்டே மை தீட்டியது. அடுத்த மழை வருவதற்குள் அவருக்கு மான் மானாகவும் மரம் மரமாகவும் தெரிய ஆரம்பித்தன. தொலைவில் தன் பழைய குகையும் நன்றாகத் தெரிந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு வலித்தது.

ஆமாஞ்சாமி என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்? புது ராஜாவிடமும் அதுதான் மந்திரி. ஒருநாள் உக்கிரன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "ஆமாஞ்சாமி, பல் வலி தாங்கவில்லை," என்றான்.

நரிக்குப் பழைய பழக்கம் முந்திக்கொண்டது. "ஐயோ ராஜா! இந்த வலி எனக்கு வந்திருக்கக்..." என்று ஆரம்பித்தது.

சட்டென்று நாக்கில் கீரையின் ருசி வந்தது. ஒருமுறை எச்சில் விழுங்கிக்கொண்டது.

"எனக்கு வந்திருந்தால், இந்நேரம் முள்ளாயியின் வளை வாசலில் நின்றிருப்பேன் ராஜா. எழுந்திருங்கள், வழி காட்டுகிறேன்," என்றது.

நீதி: நோய் உன்னுடையதானால், பத்தியமும் உன்னுடையதே.