திரும்பி வருவோர் கணக்கு

குரு என்றதும் தாடியும் காவியும் நினைவுக்கு வந்தால் அதைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். இந்தக் குரு ஓர் அரசு மருத்துவர், பெயர் மெஹருன்னிசா. மண்டலத்தில் அரசு நடத்தும் மது, போதை மீட்பு மையங்கள் அத்தனைக்கும் அவர்தான் பொறுப்பு. சீடர் கோமதிநாயகம் புள்ளியியல் துறைக்காரர், தலை நரைத்தவர், குருவைவிட நன்றாகவே மூத்தவர். "கணக்கு எனக்குத் தெரியும் டாக்டரம்மா. இந்த நோய் தெரியாது. சொல்லிக்கொடுங்க" என்று தானாகக் கேட்டு வந்தவர். அந்த வயதில் அப்படிக் கேட்க ஒரு மனசு வேண்டும்.

அடுத்த ஆண்டு ஒரு மையத்தைக் குறைக்க வேண்டும் என்று மேலிடம் சொல்லியிருந்தது. எதைக் குறைப்பது என்று அறிக்கை எழுதும் வேலை கோமதிநாயகத்தின் தலையில் விழுந்தது. அவர் மண்டலக் கணக்கு முழுவதையும் கூட்டிக் கழித்துவிட்டு வந்தார்.

"மேலச்சுனையை மூடிரலாம் டாக்டரம்மா."

"ஏன் அண்ணாச்சி?"

"அங்க சிகிச்சை முடிஞ்சி போறவங்கள்ல பாதிப் பேர் மறுபடியும் வந்து படுக்காங்க. செம்மணற்குடியைப் பாருங்க. போனவங்க போனவங்கதான். ஒருத்தரும் திரும்பலையே!"

மெஹருன்னிசா வாதாடவில்லை.

"நாளைக்கு ரெண்டு ஊரையும் பாத்துட்டு வருவோம். பஸ்லயே போவோம்" என்றார்.

செம்மணற்குடி மையம் பளிச்சென்று இருந்தது. தரையில் முகம் பார்க்கலாம். அன்று காலை சண்முகையா என்பவர் சிகிச்சை முடிந்து வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கொத்தனார் வேலை பார்ப்பவர். மனைவி துணிப்பையோடு வாசலில் காத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியை விட்டுப் போகிறவர் "போயிட்டு வாரேன்" என்று சொல்வதில்லை. அங்கிருப்பவர்களும் "வாங்க" என்பதில்லை. ஊர் உலகத்துக்கே தெரிந்த வழக்கம் இது. சண்முகையா ஒன்றும் சொல்லாமல் கும்பிட்டார். மையப் பொறுப்பாளர் வாசல்வரை வந்து அவர் தோளில் தட்டினார்.

"இனி உங்க முகத்தை இந்தப் பக்கம் பாக்கவே கூடாது, என்ன?"

எல்லாரும் சிரித்தார்கள். கோமதிநாயகமும் சிரித்தார். நல்ல மனசோடு சொன்ன வார்த்தைதான், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

மெஹருன்னிசா மட்டும் வெளியே போய் சண்முகையாவிடம் கேட்டார். "வீட்டுக்குப் போனபிறகு என்னைக்காவது ஒருநாள் தவறிக் குடிச்சிட்டீங்கன்னா என்ன செய்வீங்க?"

சண்முகையாவின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இங்க வருவேன்?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். மெஹருன்னிசா அவளிடம் வீடு எங்கே என்று விசாரித்துக்கொண்டார்.

மேலச்சுனைக்குப் போய்ச் சேரும்போது நல்ல வெயில். கட்டடத்தில் காரை பெயர்ந்திருந்தது. அங்கேயும் ஓர் இளைஞன் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். நர்ஸ் வாசலில் நின்று நாலு பேர் கேட்கும்படி சொன்னாள்.

"போயிட்டு வாங்க தம்பி."

கோமதிநாயகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏம்மா, ஆஸ்பத்திரியில நின்னுக்கிட்டு யாராவது இப்படிச் சொல்லுவாங்களா? இப்படி வாழ்த்தி அனுப்பினா வராம என்ன செய்வாங்க?"

"வரணும்னுதான் சார் சொல்லுதோம்" என்றாள் நர்ஸ்.

அவர் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தபோது கேட்டைத் திறந்துகொண்டு ஓர் ஆள் வந்தார். கையில் மஞ்சப்பை. கால் தரையில் நிலையாக நிற்கவில்லை. வாடை முன்னால் வந்தது.

"வாங்க சுயம்புலிங்கம்" என்றாள் நர்ஸ். ஏன் குடித்தாய் என்று கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

லோடு ஆட்டோ ஓட்டும் சுயம்புலிங்கம் மூன்றாம் முறையாக வந்திருக்கிறார். கோமதிநாயகம் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"மூணாவது தடவையா?"

"ஆமா சார். மொத தடவை ஆட்டோவை வித்து, வீட்டுக்காரி தாலியையும் வித்துக் குடிச்ச பெறகு, நாலு பேர் தூக்கிட்டு வந்தாங்க. ரெண்டாவது தடவை எங்க அண்ணன் அடிச்சி இழுத்துட்டு வந்தான்."

"இந்தத் தடவை?"

"பொங்கலுக்கு அப்புறம் தொடவே இல்ல சார். பழைய ஆட்டோ ஒண்ணும் வாங்கிட்டேன். நேத்து ஒரு கல்யாண வீடு. ஒரு குப்பி உள்ள போயிட்டு. இன்னைக்கு ரெண்டாவதை வாங்கிக் கையில வச்சிருந்தேன். அப்படியே சாக்கடையில ஊத்திட்டு பஸ் ஏறிட்டேன். யாரும் கூப்பிடல. நானா வந்தேன்."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். குடித்துவிட்டு வந்த ஒரு மனிதன் இவ்வளவு மரியாதையோடு உட்கார முடியும் என்று கோமதிநாயகம் எந்த அட்டவணையிலும் பார்த்ததில்லை.

"சார், நீங்க பெரிய ஆபீஸ்தான? இந்த இடத்தை மூடப் போறாங்கன்னு பேசிக்கிடுதாங்களே, நிசமா?"

கோமதிநாயகம் அறிக்கை இருந்த பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"மூடிட்டா நான் எங்க சார் வர?"

திரும்பும் பஸ்ஸில் கோமதிநாயகத்துக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் பையிலிருந்து அறிக்கையை எடுத்து, மேலச்சுனையை மூடலாம் என்ற வரியை அடித்தார். மனசு லேசாகிவிட்டது. ஆனால் புள்ளியியல்காரர் அல்லவா, அதோடு விட முடியவில்லை.

"டாக்டரம்மா, செம்மணற்குடிக்குத் திரும்பி வராதவங்கள்லாம் எப்படி இருக்காங்க?"

"தெரியாது அண்ணாச்சி."

"குணமாயிருப்பாங்களா?"

"சில பேர் ஆயிருப்பாங்க."

"மத்தவங்க?"

"போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

"அப்ப அந்த மையத்தை மூடச் சொல்லி எழுதட்டுமா?"

"எதுக்கு மூடணும்? அதுவும் வேணும். எதையும் மூட முடியாதுன்னு எழுதுங்க, நானும் கையெழுத்துப் போடுதேன். நாளையிலேருந்து செம்மணற்குடிக்காரங்களை வீடு வீடாப் போய்ப் பாருங்க. முதல்ல சண்முகையா வீடு."

"அவர் இன்னைக்குக் காலையிலதான போனார்? நாளைக்கே எதுக்கு?"

"குடிக்கதுக்கு முன்னாடியே போயிரணும்."

"போய் என்ன சொல்ல?"

"குடிச்சிட்டா வாங்க, உங்களுக்கு ஒரு படுக்கை இருக்குன்னு சொல்லுங்க."

கோமதிநாயகம் யோசித்தார். "அவர் அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் குடிக்கவே இல்லைன்னா?"

"அப்பவும் இருக்கும் அண்ணாச்சி" என்றார் குரு.