குளவியின் பேச்சும் நூல் வீடும்

காட்டோரம் ஓர் இலந்தை மரம். அதன் கவட்டில் நாற்பது கம்பளிப்பூச்சிகள் ஒன்றாகக் குடியிருந்தன. வாயில் ஊறும் நூலால் அவை கட்டிய வீடு, வெள்ளைச் சீலையைச் சுற்றிவிட்ட மாதிரி இருக்கும். கொழுந்து தின்று திரும்பும் ஒவ்வொன்றும் சுவரில் ஒரு சுற்று நூல் இழைத்துவிட்டுத்தான் படுக்கும். அது அந்த வீட்டு வழக்கம்.

அந்தச் சுவரைத் துளைக்க முடியாமல் ஒரு குளவி தினமும் ஏமாந்து போனது. ஒருநாள் அது இனிக்க இனிக்கப் பேசியது.

"அட பைத்தியங்களா! நாளைக்கு நீங்க அந்துப்பூச்சியாகணும்னா ஆளுக்கொரு கூடு கட்டணுமே! இருக்கிற நூலையெல்லாம் இந்தச் சுவத்துலயே கொட்டிட்டா உங்களுக்குச் சிறகு முளைச்ச மாதிரிதான்!"

கம்பளிப்பூச்சிகளுக்குத் திக்கென்றது. அன்று மாலை யாரும் நூல் விடவில்லை.

"வேற யாராவது இழைப்பாங்க, நமக்கென்ன!" என்று அவற்றில் குண்டனான தொந்தியன் சுருண்டு படுத்தான்.

எல்லோரிலும் சின்னவளான செவத்தி மட்டும் சுவரோரம் போய் வழக்கம்போல் நூல் இழைத்தாள்.

"ஏண்டி, உனக்குச் சிறகு வேண்டாமா? மொட்டையா ஊர்ந்தே சாகப்போறியா?" என்று தொந்தியன் கேலி செய்தான்.

"வேணும் அண்ணே. எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா சுவரு மெலிஞ்சா குளவி வந்துடுமே!"

ஒருத்தி நூல் எத்தனை நாளைக்குக் காணும்? மழை நனைத்தது. காற்று கிழித்தது. மூன்றாம் நாள் காலையில் சுவரில் ஓட்டை விழுந்தது. குளவி தலையை நுழைத்தது!

"வாங்க என் செல்லங்களா! என் பிள்ளைகளுக்கு இன்னைக்கு விருந்து!"

எல்லாம் மூலைக்கு ஓடின. செவத்தி ஓடவில்லை. ஓட்டை வாயிலேயே நின்று குறுக்கும் நெடுக்குமாக நூல் இழுத்தாள். குளவியின் முன்கால் சிக்கிக்கொண்டது.

"விடுடி! உன் நூல் தீரப்போகுது!" என்று குளவி சீறியது.

"தீரட்டும்! தீருற வரைக்கும் இழைப்பேன்!" என்றாள் செவத்தி. திரும்பிப் பார்த்துக் கத்தினாள். "அண்ணே, சிறகு அப்புறம் முளைக்கட்டும். முதல்ல உசிரு இருக்கணும். வாங்க!"

தொந்தியனுக்கு வெட்கமாகிவிட்டது. உருண்டு புரண்டு வந்து ஓர் இழை போட்டான். அவன் பின்னாலேயே மற்றவையும் வந்தன. நாற்பது வாய் நூலும் சேர்ந்தபோது ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை. குளவி ஒரு காலைப் பிய்த்துப் போட்டுவிட்டு, பிழைத்தால் போதும் என்று பறந்தது.

மறுநாள் எல்லாம் வயிறாரக் கொழுந்து தின்றன. தின்னத் தின்ன நூல் ஊறியது!

"அடச்சே, இந்தப் பொய்யையா நம்பினோம்!" என்று தொந்தியன் தலையில் அடித்துக்கொண்டான்.

எல்லோரையும் காக்கும் சுவருக்குத் தன் பங்கைக் கொடுக்காதவன், தன் உயிருக்கே ஓட்டை போடுகிறான்.