நிரவச் சொன்ன ஜமீன்தார்

கருவேலங்குடி ஜமீன்தார் துரைப்பாண்டியர், குடிசைத் தெருவின் மண்ணை வெட்டியெடுத்துத் தம் தோட்டத்தில் ஒரு குன்று எழுப்பி, மழைக்காலத்தில் கால் நனையாமல் உட்கார அதன் உச்சியில் மண்டபம் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு மழை பெய்தால் குடிசைகளுக்குள் முழங்காலளவு தண்ணீர் நின்றது.

அந்தத் தெருவில் மண்வேலை செய்யும் சடைச்சி, ஜமீன்தாரின் சபைக்குப் போய்க் கும்பிட்டாள்.

"சாமி, எங்க தெருவை நிரவித் தரணும்."

"நீங்களே நிரவிக்கொள்ளுங்கள். ஆனால் புதிதாக ஒரு பிடி மண்கூடத் தோண்டக் கூடாது. மழைக்குள் முடியாவிட்டால் தெருவைக் காலி செய்யுங்கள்!"

சபை சிரித்தது. சடைச்சி தலையைச் சொறிந்தாள்.

"நிரவுறதுன்னா சரியா என்ன சாமி? படிச்சவங்க நீங்கதான் சொல்லணும்."

ஜமீன்தாருக்குப் பெருமை தாங்கவில்லை. "மேட்டைக் குறைத்து, அந்த மண்ணைப் பள்ளத்தில் போட்டு, இரண்டையும் ஒரே மட்டமாக்குவது. போய் அப்படியே செய்!"

"உத்தரவு சாமி."

மறுநாள் காலை தெருவே மண்வெட்டியோடு குன்றில் நின்றது. ஜமீன்தார் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"யாரைக் கேட்டு வெட்டுகிறீர்கள்?"

"நீங்கதான சாமி சபையில உத்தரவு போட்டீங்க? இது புது மண்ணும் இல்ல, எங்க தெரு மண்ணுதான்."

கூட வந்த சபையார் சிரிப்பை அடக்கத் துண்டால் வாயை மூடிக்கொண்டார்கள். சொன்ன சொல்லை அவரால் விழுங்க முடியவில்லை.

"அப்படியென்றால் மழைக்காலத்தில் நான் எங்கே உட்காருவது?" என்று முனகினார்.

"எங்க தெருவுக்கு வாங்க சாமி," என்றாள் சடைச்சி. "இனிமே அங்க கால் நனையாது."