கண் மூடினால் சம்மதம்

முன்னொரு காலம். எந்தக் காலம் என்று கேட்டால், மன்னர்கள் மத்தியானத்தில் தூங்கிய காலம்.

அந்த நாட்டுச் சட்டசபையில் ஒரு வழக்கம். யோசனை ஒன்றைச் சொல்லும்போது கண் மூடியிருப்பவர் அதற்குச் சம்மதித்தவர். என்றோ ஒரு மூதாதை மன்னர் கண்களை மூடி ஆழ்ந்து சிந்தித்தாராம், அதிலிருந்து வந்தது. அமைச்சர் வீரநாரணருக்கு இது ரொம்ப வசதி. நெய்ச்சோறும் பாயசமும் முடிந்த பிறகே சட்டங்களைக் கொண்டுவருவார். உறுப்பினர்கள் குறட்டை விடுவார்கள். சட்டம் நிறைவேறிவிடும். அவர் மட்டும் கிராம்பு வைத்த வெற்றிலையை மென்றுகொண்டு விழித்திருப்பார்.

அப்படித்தான் வயல்களுக்கு நீர் விடும் ஏரி மதகை அடைத்தார். தண்ணீரெல்லாம் அவருடைய மல்லிகைத் தோட்டத்துக்குப் போயிற்று.

ஏரிக்கரை மக்கள் வாடிய நாற்றுகளோடு அரண்மனைக்கு வந்தார்கள். முன்னால் நின்றவள் காத்தாயி.

"மகாராசா, மதகத் தொறக்கச் சொல்லுங்க. இன்னும் நாலு வெயிலு தாங்காது நாத்து. அப்புறம் இந்தச் சபையில கண்ணத் தொறந்து கை தூக்குனாத்தான் சம்மதம்னு மாத்துங்க."

மன்னருக்குச் சத்தம் ஆகாது. நெற்றியைத் தேய்த்தார். "என் சபையில் சச்சரவு கூடாது. ஒரு குரல் எதிர்த்தாலும் மனு தள்ளுபடி."

வீரநாரணர் விதூஷகன் கூத்தனை ஓரக்கண்ணால் பார்த்தார். மன்னர் அவனிடம் சிரித்துப் பேசுவது அவருக்கு நெடுநாள் எரிச்சல். "அரசே, மனுவைக் கூத்தனே கொண்டுவரட்டும். தோற்றால் அவன் பதவியும் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் மன்னர்.

வெளியே வந்ததும் காத்தாயி கூத்தனிடம் கேட்டாள்: "ஐயா, அந்த மனுசன் எதுக்காம இருப்பாரா?"

"கண் மூடினால் எதிர்க்க மாட்டார்."

"அவருதான் தூங்கவே மாட்டாராமே!"

"உன் பிள்ளை தூங்க மாட்டேன் என்றால் என்ன செய்வாய்?"

காத்தாயி அவனையே பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் சாப்பாடு முடிந்தது. சாமரம் மெல்ல வீசியது. சன்னல் வழியே ஏரிக்காற்று வந்தது. கூத்தன் எழுந்தான்.

"அரசே, மனுவை எந்தக் குரலில் வாசிக்க வேண்டும் என்று விதி உண்டோ?"

"இல்லை" என்றார் மன்னர், கொட்டாவியோடு.

கூத்தன் கைகாட்ட, வாசலில் நின்ற காத்தாயி மனுவைத் தாலாட்டாகப் பாடினாள்.

"ஆராரோ ஆரிரரோ, அவை நெறஞ்ச பெரியோரே,
மதகடைச்சுப் போனீரே, மடை வறண்டு போனதய்யா,
நாத்து வாடி நிக்குதய்யா, நாங்க வந்து நிக்கிறமே,
கண்தொறந்து கைதூக்கும் காலமெப்போ வருமய்யா…"

தூண்கள் தண்ணீருக்கடியில் அசைவதுபோல் இருந்தது. உறுப்பினர் ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். அமைச்சரின் வாயில் வெற்றிலை மெல்ல மெல்ல நின்றது. தலை தொங்கியது. கூத்தன் காற்றோடு காற்றாகக் கேட்டான், "எதிர்ப்பவர் உண்டோ?"

யாரும் கண் திறக்கவில்லை. கூத்தன் சபை மணியை அடித்தான்.

"நிறைவேறிற்று!"

வீரநாரணர் துள்ளி எழுந்தார். "அக்கிரமம்! நான் தூங்கிவிட்டேன். தூக்கம் சம்மதம் ஆகுமா?"

"ஆகாதா, அமைச்சரே?"

"ஆகவே ஆகாது!"

"நல்லது. மதகை அடைத்த அன்றும் எல்லோரும் தூங்கினார்கள். அந்தச் சட்டமும் செல்லாது. மதகைத் திறக்கலாம்."

"இல்லை இல்லை, தூக்கமும் சம்மதம்தான்!"

"அதுவும் நல்லது. இந்த மனு நிறைவேறிவிட்டது. மதகைத் திறக்கலாம்."

அமைச்சரின் வாயிலிருந்து கிராம்பு உருண்டு விழுந்தது. சிங்காசனத்தில் மன்னர் கண்ணைக் கசக்கினார். தோள் குலுங்கியது. பிறகு சபையே அதிரச் சிரித்தார்.

"அடே கூத்தா, நானும் தூங்கிவிட்டேனே! எனக்கும் சம்மதம்தான் போலிருக்கிறது. ஆனாலும், புது வழக்கப்படி ஒருமுறை செய்துவிடுவோம்." கண்களை அகலத் திறந்து, தம் கையை முதலில் தூக்கினார். வளையலும் மோதிரமுமாய்க் கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. கடைசியாக, பாதி உயரத்துக்கு, வீரநாரணரின் கையும்.

மன்னர் தம் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தன் கழுத்தில் போட்டார். காத்தாயியிடம் மதகின் சாவி போயிற்று.

அன்று மாலை தண்ணீர் வாய்க்காலில் முனகிக்கொண்டே வந்தது, ஆராரோ என்பதுபோல. கரையில் ஒருவரும் தூங்கவில்லை.