போகலாம் என்று நினைக்கிறார்

"அக்கா, இந்த வெள்ளைக்காரங்களால ஒரு விஷயத்தை நேரா சொல்லவே முடியாதுங்களா?"

கேட்டவர் தாண்டவமூர்த்தி. ராசிபுரத்தில் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

அக்கா என்பது கொல்லிமலையில் இருந்த ஒரு சின்ன ஆசிரமத்தின் குரு. எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரை அக்கா என்று கூப்பிடத் தாண்டவமூர்த்திக்கு முதலில் நாக்கு கூசியது. பிறகு பழகிவிட்டது. அக்கா அவரை 'சார்' என்று கூப்பிட்டதுதான் பழகவேயில்லை.

அக்கா மிளகுக் கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன், என்ன சொல்றாங்க?"

"ஐ திங்க்னு ஆரம்பிக்கிறாங்க. நினைக்கிறேன். அதோட விட வேண்டியதுதானே? நினைக்கிறேன்னாலே நிச்சயமில்லைன்னு ஆயிடுச்சு. அதுக்கு மேல மே, மைட், ஷுட், வுட்னு ஒரு வால்."

"வாலை நீங்க என்ன பண்றீங்க?"

"வெட்டிடறேன். உங்களுக்கு எதுக்குங்க அது?"

அக்கா சிரித்தார். அடுத்த முடிச்சைப் போடப் போனார்.

அக்காவுக்கு ஆங்கிலம் அதிகம் தெரியாது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் அவருக்கும் நடுவில் தாண்டவமூர்த்திதான் உட்காருவார். அந்த இடத்தில் உட்காருவது அவருக்குப் பிடித்திருந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

ஒரு காலையில் மோரின் வந்தார். அயர்லாந்துக்காரர், ஐம்பதை நெருங்கியவர். மூன்று மாதமாக அங்கே தங்கியிருந்தார். தலை நனைந்திருந்தது. தன் பையை மடியில் வைத்துக்கொண்டு அக்காவின் எதிரே உட்கார்ந்தார்.

"மை ஃபாதர் இஸ் நாட் வெல். ஐ திங்க் ஐ ஷுட் கோ ஹோம்."

தாண்டவமூர்த்தி அக்காவிடம் சொன்னார்: "அப்பாவுக்கு உடம்பு சரியில்லையாம். ஊருக்குப் போகலாம்னு நினைக்கிறாங்க."

அக்கா ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தார்.

"போகலாமே. மழை விடட்டும்."

தாண்டவமூர்த்தி மோரின் பக்கம் திரும்பினார்.

"வெயிட்" என்றார். அந்த ஒரு சொல்தான். குருவின் வாக்கு சுருக்கமாக இருந்தால்தான் அழகு என்பது அவர் எண்ணம்.

மோரின் ஏதோ கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. கும்பிட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு அறைக்குத் திரும்பினார்.

ஒரு வாரம் போல மழை நிற்கவில்லை. நின்ற அன்று காலை மோரினின் அண்ணன் ஃபோன் செய்தார். அப்பா போய்விட்டார்.

மோரின் அழவில்லை. அக்காவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பினார்.

ஷுட் என்றால் கடமை. எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டிருப்பார் தாண்டவமூர்த்தி! போக வேண்டும் என்று நினைப்பவரை யாரும் தடுக்க மாட்டார்கள். போகலாம் என்று நினைப்பவரிடம் மழை விடட்டும் என்று யாராக இருந்தாலும் சொல்வார்கள்.

அக்காவுக்குத் தெரியாமலா இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். குருவுக்குச் சொல் எதற்கு? உள்ளே இருப்பது தெரியாதா?

கொஞ்ச நாள் அந்தத் தேறுதல் தாங்கியது. பிறகு தாங்கவில்லை. ஆனாலும் அக்காவிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவர் எந்த வாலையும் வெட்டவில்லை. வரலாமோ என்று தோன்றுகிறதாம், வந்தாலும் வருவார் என்று நினைக்கிறாராம், வந்திருக்க வேண்டும் என்று இப்போது படுகிறதாம் என்று இழுத்து இழுத்துச் சொன்னார்.

"என்ன சார், இப்பல்லாம் வர்றவங்க ரொம்ப யோசிக்கிறாங்க போலிருக்கே" என்றார் அக்கா.

"ஆமாங்க" என்றார் தாண்டவமூர்த்தி.

ஆடியில் மோரின் திரும்பி வந்தார். முகம் தெளிவாக இருந்தது. துடைத்து வைத்த மாதிரி தெளிவு. வந்த அன்றே அக்காவின் எதிரே உட்கார்ந்து, அன்று காத்திருக்கச் சொன்னது ஏன் என்று இப்போது தனக்குப் புரிந்துவிட்டது என்றார்.

"நன்றி சொல்றாங்க" என்றார் தாண்டவமூர்த்தி.

"எதுக்கு?"

"எல்லாத்துக்குமாம்."

மறுநாள் சாப்பாட்டுக் கூடத்தில் தாண்டவமூர்த்தி சாம்பார் ஊற்றிக்கொண்டு போனார். பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண் இலையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். அண்ணனுக்கு விபத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று சற்று முன்புதான் அவளுக்குச் செய்தி வந்திருந்தது.

பக்கத்தில் மோரின். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்.

"எனக்கும் போக வேண்டும் என்றுதான் தோன்றியது. அக்கா இரு என்றார். கூட இருப்பதைவிட விட்டுவிடுவதுதான் பெரியது என்று அப்படித்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். நீயும் இரு."

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தலையாட்டினாள்.

தாண்டவமூர்த்தி சாம்பார் வாளியை அப்படியே தரையில் வைத்தார்.

அக்கா கொல்லையில் இருந்தார். கையைக்கூடக் கழுவாமல் அவர் முன்னால் போய் நின்றார் தாண்டவமூர்த்தி.

"அக்கா, அன்னைக்கு மோரின் போகலாம்னு சொல்லலை. போகணும்னு சொன்னாங்க."

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. தாண்டவமூர்த்தி இன்னொரு முறை சொன்னார். மழை விடட்டும் என்றதைத் தான் வெறும் 'வெயிட்' ஆக்கியதையும், சாப்பாட்டுக் கூடத்தில் காதில் விழுந்ததையும் சொன்னார்.

"போகணும்னா சொன்னாங்க?"

"ஆமாங்க."

"உங்களுக்கு எப்ப தெரியும் சார்?"

"என் வாயிலிருந்து வந்த அந்த நிமிஷமே தெரியும். சின்ன விஷயம்தானேன்னு விட்டுட்டேன். அப்புறம் அது சின்ன விஷயமா இல்லை. அதனால சொல்ல முடியலை."

அக்கா அவரைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை.

"முதல்ல அந்தப் பொண்ணுக்கு ஜீப் சொல்லுங்க."

ஜீப் வந்தது. அந்தப் பெண்ணின் பெட்டியை அக்காவே தூக்கி வைத்தார். வண்டி வளைவில் மறையும்வரை நின்றுவிட்டு மோரின் அறைப் பக்கம் நடந்தார்.

வாசலில் தாண்டவமூர்த்தி தயங்கினார்.

"அக்கா, அவங்க நிம்மதியா இருக்காங்க. நான் இங்கிருந்து போயிடறேன். இதை மட்டும் அவங்ககிட்டச் சொல்ல வேண்டாமே."

"அவங்க நிம்மதியா சார், நம்ம நிம்மதியா?"

உள்ளே போனார்கள். அக்கா தரையில், மோரினுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"சொல்லுங்க."

எத்தனையோ பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த நாக்கு அது. அன்று ஒரு வாக்கியம் சேரவில்லை. கடைசியில் பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பதுபோலச் சொன்னார்.

"யூ செட் ஷுட். ஐ டோல்ட் ஹர் மே. ஷீ செட் ஆஃப்டர் த ரெயின், ஐ டோல்ட் யூ வெயிட்."

மோரின் அவரைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"நான் சொல்றதையும் சொல்லுங்க" என்றார் அக்கா. "சொல்லைத் தவற விட்டது இவர். முகத்தைப் பார்க்காம விட்டது நான். பையை மடியில வச்சுக்கிட்டு வந்து உட்கார்ந்தாங்க. அதைப் புரிஞ்சுக்க எந்த பாஷை வேணும்? நான் மழையைப் பார்த்துக்கிட்டிருந்தேன். அவங்களுக்கு நான் எதுவும் கத்துக்கொடுக்கலைன்னு சொல்லுங்க. தப்புப் பண்ணினேன்னு சொல்லுங்க."

தாண்டவமூர்த்தி ஒரு சொல்லையும் விடாமல் சொன்னார்.

வெளியே யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

பிறகு மோரின் ஒரு கேள்வி கேட்டார்.

"அன்னைக்கு அவங்க சொன்னது உங்களுக்குச் சரியா வந்து சேர்ந்திருந்தா, என்ன சொல்லியிருப்பீங்கன்னு நினைக்கிறீங்கன்னு கேட்கிறாங்க."

"நினைக்க என்ன இருக்கு?" என்றார் அக்கா. "ஜீப் சொல்லியிருப்பேன்."

தாண்டவமூர்த்தி அதை ஆங்கிலத்தில் சொன்னார்.

மோரினின் உதடு கோணியது.

அப்பாவைப் பற்றிப் பேசினார். ஃபோனில் பேசி முடித்தால் அவர் முதலில் வைக்கவே மாட்டாராம். நீ வை, நீ வை என்பாராம். கடைசியாகப் பேசியபோது இரண்டு நாளில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு இவர்தான் வைத்தாராம்.

அதுவரை தாண்டவமூர்த்தி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அதற்கு மேல் பேச்சு அழுகையோடு கலந்து வேகமாகிவிட்டது. மோரினின் ஊர்க்காரர்கள் தங்களுக்குள் பேசும் ஆங்கிலம். ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

தாண்டவமூர்த்தி தவிப்போடு அக்காவைப் பார்த்தார்.

அக்கா மோரினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.