பாதி கட்டிய முட்கள்

ஏழு குன்றுகள் சேர்ந்த ஒரு காட்டில், நெல்லிக்குன்று என்றொரு குன்று இருந்தது. ஏழு குன்றுக்கும் சேர்த்து ஒரே ராஜா, சிங்கம். அவர் வெகு தூரத்தில், சமவெளிப் பக்கத்துக் குகையில் இருந்தார். அது போக, குன்றுக்கு ஒரு தலைவர் உண்டு. நெல்லிக்குன்றுக்குக் காட்டெருமைதான் தலைவர்.

அந்தக் குன்றில் கூரன் என்ற முள்ளம்பன்றி, மனைவியோடும் இரண்டு குட்டிகளோடும் ஒரு வளையில் குடியிருந்தான். உடம்பெல்லாம் முள்ளே தவிர, மனசு பஞ்சு. யாராவது அதட்டினால்கூட, "சரிங்க, சரிங்க" என்று ஒதுங்கிப் போய்விடுவான்.

குன்றின் நடுவில் உப்புமண் பள்ளம் ஒன்று இருந்தது. மானும் முயலும் முள்ளம்பன்றியும் மாலையில் அங்கே கூடி உப்பு நக்கும். எப்போதும் ஒரே நெரிசல். ஒருநாள் யாரோ பின்னாலிருந்து தள்ள, கூரன் தடுமாறித் திரும்பினான். அவனுடைய முள் ஒன்று, பக்கத்தில் நின்ற முயல்குட்டி பொட்டுவின் இடது கண்ணில் குத்திவிட்டது. அந்தக் கண் போனது போனதுதான்.

பொட்டுவின் அம்மா வெள்ளச்சி, அதுவரை கூரனை வாய் நிறைய "அண்ணே" என்று அழைப்பாள். அன்றோடு அது நின்றது. எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். கூரன் அன்று கிழங்கைத் தொடவே இல்லை. மறுநாளும் தொடவில்லை.

வெள்ளச்சி நேரே காட்டெருமைத் தலைவரிடம் போனாள்.

"தலைவரே, முள்ளை விரிச்சுக்கிட்டு கூட்டத்துக்குள்ள வரலாமா? இன்னும் எத்தனை பிள்ளைக்குக் கண்ணு போகணும்?" என்று அழுதாள்.

தலைவர் பொட்டுவைப் பார்த்தார். மனம் இளகிவிட்டது. உடனே சட்டம் போட்டார்: "நெல்லிக்குன்றில் முள் உள்ளவர்கள் அதைக் கொடியால் கட்டிக்கொண்டுதான் நடமாட வேண்டும். மீறினால் குடும்பத்தோடு குன்றைவிட்டுப் போக வேண்டும்."

பள்ளத்துக்குப் போகும் வழியில் ஒரு நாவல் மரம். அதன் அடியில் குரங்கார் கையில் கொடியோடு காவலுக்கு உட்கார்ந்தார். முதல் ஆளாகப் போய் நின்றவன் கூரன்தான்.

"இறுக்கியே கட்டுங்க, ஐயா. அந்தக் குழந்தை முகம் கண்ணை விட்டுப் போக மாட்டேங்குது," என்றான்.

குரங்கார் கட்டினார். முடிச்சை நடு முதுகில் போட்டார். கூரன் கழுத்தை எவ்வளவு வளைத்தாலும் அவன் வாய்க்கு அது எட்டாது.

செய்தி சிங்கராஜாவுக்குப் போனது. சமவெளியில் அந்த வருஷம் செந்நாய்களின் தொல்லை அதிகம். முள் உதிர்ந்து நின்ற முள்ளம்பன்றி ஒன்றைச் செந்நாய்கள் கிழித்துப் போட்டதை ராஜாவே பார்த்திருந்தார். அவருக்குக் கோபம் வந்தது.

"முள்ளும் கொம்பும் பிறவியிலேயே வந்தவை. ஏழு குன்றில் எங்கேயும் யாரும் அவற்றைக் கட்டக் கூடாது. கட்டிக்கொள்பவனும் குற்றவாளி. அவன் காட்டைவிட்டே போக வேண்டும்!" என்று ஆணையிட்டார். ஆணையை நிறைவேற்றக் கீரியாரை அனுப்பினார்.

குழந்தைகளே, ராஜா சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் பொட்டுவின் கண்ணைப் பார்க்கவில்லை. தலைவரோ செந்நாயின் பல்லைப் பார்க்கவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் பார்த்துவிட்டு, முழுக்கப் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள்.

கீரியார் வந்து அதே நாவல் மரத்தின் மறுபக்கத்தில் உட்கார்ந்தார். அன்று மாலை கூரன் வந்தான். குரங்கார் கட்டி அனுப்பினார். பத்து அடி போவதற்குள் கீரியார் மறித்தார்.

"நில்! ராஜாவோட ஆணை. கட்டை அவிழ்க்கணும்," என்று அவிழ்த்துவிட்டார்.

"ஏய், அவிழ்த்தது யாரு? இது நெல்லிக்குன்று மண்ணு. இங்கே தலைவர் வச்சதுதான் சட்டம்!" என்று குரங்கார் கத்தினார்.

"தலைவருக்கும் மேலே ராஜா இருக்காரு, தெரியுமில்ல?"

"ராஜா இந்தப் பக்கம் ஒரு தடவையாவது வந்திருக்காரா?"

கூரனை நடுவில் நிறுத்தி இருவரும் கட்டினார்கள், அவிழ்த்தார்கள், மறுபடி கட்டினார்கள். இருட்டிப் போனதுதான் மிச்சம். கட்டினால் காட்டைவிட்டுப் போக வேண்டும். கட்டாவிட்டால் குன்றைவிட்டுப் போக வேண்டும். உப்பு நக்காமலும், வீட்டுக்கு வழக்கமாகக் கொண்டுபோகும் உப்புமண் கட்டியை எடுக்காமலும் அவன் வளைக்குத் திரும்பினான். மறுநாளும் அதே கதை.

மூன்றாம் நாள் மனைவி கேட்டாள். "உப்பு இல்லாம எனக்கு உடம்பு தள்ளாடுது. குட்டிங்களுக்குப் பால் வத்திப்போச்சு. வழியில வச்சு உங்களை ஏதாவது சொன்னாங்களா?"

கூரன் உட்கார்ந்து யோசித்தான். அப்போது அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. அதைவிடச் சாமர்த்தியமான யோசனை இந்தக் காட்டிலேயே யாருக்கும் வந்திருக்காது என்று நினைத்து, தன்னைத்தானே மெச்சிக்கொண்டான்.

அன்று மாலை அவன் நாவல் மரத்தடிக்குப் போய்ச் சொன்னான்.

"குரங்கார் ஐயா, இடது பக்க முள்ளை நீங்க கட்டுங்க. அது குன்றுக்கு. கீரியார் ஐயா, வலது பக்கத்தை விட்டுடுங்க. அது ராஜாவுக்கு. ரெண்டு பேர் சட்டமும் நிறைவேறிடும்."

இருவரும் தலையைச் சொறிந்தார்கள்.

"மேலிடத்து முடிவு வர்ற வரைக்கும் இப்படியே இருக்கட்டும்," என்றார் கீரியார்.

"என் பங்கு முடிச்சு நடு முதுகிலதான் இருக்கும்," என்றார் குரங்கார்.

இரண்டு பேருக்கும் திருப்தி. கூரனுக்கும் திருப்தி. புதருக்குள் படுத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த செந்நாய்க்குத்தான் எல்லாரையும்விட அதிகத் திருப்தி.

சற்று நேரத்தில் வெள்ளச்சி பொட்டுவோடு அந்த வழியே வந்தாள். கூரனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக நடந்தாள். பொட்டு இரண்டு எட்டு பின்தங்கியது. அதன் இடது பக்கப் புதர் அசைந்தது. அந்தப் பக்கம் அதற்குக் கண் இல்லையே, எப்படித் தெரியும்?

கூரனுக்குத் தெரிந்தது. "பொட்டு! செந்நாய்!" என்று கத்திக்கொண்டே பாய்ந்து, குட்டியைத் தன் வயிற்றுக்கு அடியில் மறைத்து நின்றான்.

குரங்கார் ஒரே தாவில் மர உச்சிக்குப் போனார். கீரியார் வேருக்கடியில் இருந்த பொந்துக்குள் புகுந்தார்.

"கீரியாரே, செந்நாய் வெளியிலிருந்து வந்தது. வெளிப்பகைன்னா அது ராஜா பொறுப்பு. போய் விரட்டுங்க!" என்று கிளையிலிருந்து குரல் வந்தது.

"அது நிக்கிறது நெல்லிக்குன்று மண்ணு. நீங்கதானே சொன்னீங்க? இது உங்க தலைவர் பொறுப்பு. நீங்க இறங்குங்க!" என்று பொந்திலிருந்து பதில் வந்தது.

கூரன் வலது பக்க முட்களைச் சிலிர்த்துக் காட்டினான். செந்நாய் சிரித்தது. சாவகாசமாகச் சுற்றி இடது பக்கம் வந்தது. கூரன் திரும்பினான். அதுவும் திரும்பியது. கட்டிய பக்கத்தில் ஒருமுறை கடித்தது. ரத்தம் வழிந்தது. கூரன் பொட்டுவின் மேலிருந்து விலகவில்லை. முடிச்சை எட்டப் பார்த்தான். எட்டவில்லை.

"குரங்கார் ஐயா, அவிழ்த்துவிடுங்க!" என்று கதறினான்.

"தலைவர் சொல்லாம எப்படி?" என்றது கிளை.

முன்னால் போன வெள்ளச்சி திரும்பிப் பார்த்தாள். கட்ட வேண்டும் என்று அழுது சட்டம் வாங்கியவள் அவள்தான். அந்தக் கொடிக்குக் கீழே இருப்பது தன் பிள்ளையின் கண்ணைப் பறித்த முள்தான். அதற்கும் கீழே இருப்பது தன் பிள்ளை.

அவள் ஓடிவந்து கூரன் முதுகில் தாவினாள். வலது பக்க முட்கள் அவள் காலைக் குத்தின. பொருட்படுத்தாமல், நடு முதுகு முடிச்சைப் பல்லால் கரகரவென்று கடித்து அறுத்தாள். "இப்ப விரி, அண்ணே!" என்று கீழே குதித்தாள்.

பாய்ந்து வந்த செந்நாய் நின்றுவிடப் பார்த்தது. அதற்குள் கூரன் பின்பக்கமாக அதன் மேல் மோதிவிட்டான். மூக்கில் நாலு முள்ளோடு அது ஊளையிட்டுக்கொண்டே குன்றைவிட்டு ஓடியது.

சத்தம் கேட்டுக் காட்டெருமைத் தலைவர் வந்து சேர்ந்தார். குரங்கார் மரத்திலிருந்து இறங்கினார். கீரியார் பொந்திலிருந்து வந்தார்.

"தலைவரே, குன்றோட சட்டத்தை மீறிக் கொடியை அறுத்துட்டாங்க!" என்றார் குரங்கார்.

"அறுத்தது சரிதான். ஆனா என்கிட்டே கேட்டிருக்கணும். அவிழ்க்கிற அதிகாரம் ராஜா எனக்குத்தான் கொடுத்திருக்காரு!" என்றார் கீரியார்.

"அறுத்தது யார்?" என்று தலைவர் கேட்டார்.

"நான்தான்," என்றாள் வெள்ளச்சி. அவள் காலில் ரத்தம் சொட்டியது. "தலைவரே, முள்ளைப் பத்திப் பேசினப்போ, இது எங்க மண்ணு, எங்க அதிகாரம்னு ரெண்டு பேரும் சண்டை போட்டாங்க. செந்நாய் வந்தப்போ, இது உன் மண்ணு, உன் பொறுப்புன்னாங்க. என் பிள்ளை யாரோட மண்ணுல நின்னுச்சு? அதை மட்டும் சொல்லுங்க."

தலைவர் அவள் காலையும் கூரனின் காயத்தையும் பார்த்தார். பிறகு, "ராஜாவை நானே போய்ப் பார்க்கிறேன்," என்று சொல்லி அப்போதே புறப்பட்டார்.

ராஜாவும் தலைவரும் உட்கார்ந்து பேசி முடிக்க மூன்று பௌர்ணமி ஆயிற்று. பள்ளத்துக்குள் நெரிசலில் முள்ளைக் கட்டிக்கொள்ள வேண்டும், வெளியே வழியில் யாரும் கட்டச் சொல்லக் கூடாது என்று கடைசியில் முடிவானது.

ஆனால் நெல்லிக்குன்றில், செந்நாய் ஓடிய அடுத்த நாளே அது வழக்கமாகிவிட்டது. உப்புமண் பள்ளத்தின் வாசலில் வெள்ளச்சியே ஒரு கொடியோடு நின்றாள். கூரன் காயத்தோடு நொண்டி நொண்டி வந்து முதுகைக் காட்டினான்.

வெள்ளச்சி இரண்டு பக்க முட்களையும் சேர்த்துக் கட்டினாள். குழந்தைகள் நிற்கும் இடம் அல்லவா, நன்றாகவே கட்டினாள். ஆனால் முடிச்சை முதுகில் போடவில்லை. கொடியின் நுனியை முன்னால் கொண்டுவந்து, அவன் மோவாய்க்குக் கீழே முடிந்தாள்.

"உன் வாய்க்கு எட்டுதா, அண்ணே?"

கூரன் எட்டிப் பார்த்தான். எட்டியது. கண் கலங்கத் தலையை ஆட்டினான்.

பொட்டு வந்து அவன் பக்கத்தில் நின்று உப்பு நக்கத் தொடங்கியது.

நீதி: அதிகாரம் எனக்கே என்று சொல்பவர், ஆபத்து வரும்போது பொறுப்பும் எனக்கே என்று சொல்ல வேண்டும்.